நூற்றுக்கு மூன்று

ரோவினா டாண்டி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆட்ரி பெம்பர் நீட்டிய தேநீரை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"என் பொண்ணோட விடைத்தாளை யாரோ மாத்திட்டாங்க," என்றாள். "யாருன்னும் எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் ஆள் வேணும்."

மூலை நாற்காலியில் இருந்த கிளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலை பார்த்த உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட பிறகு, ஆட்ரியின் மாடியறையில் குடியிருந்துகொண்டு, விசாரணைக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அவர் பின்னாலேயே சுற்றுகிறவன் அவன். அவனுக்கு முடிவு முதலில் வந்துவிடும். காரணம் சாவகாசமாகப் பின்னால் வரும். ஆட்ரி அதற்கு நேர் எதிர். பள்ளிச் சேர்க்கை மேல்முறையீட்டுக் குழுவில் பல வருடம் உட்கார்ந்து, பெற்றோர்களின் கண்ணீரையும் கதையளப்பையும் கேட்டுப் பழகிய பெண்மணி. ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் சிக்கலில் மாட்டியவர்கள் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள்.

"நிதானமா சொல்லுங்க," என்றார் ஆட்ரி.

நிதானமாகச் சொல்லும் நிலையில் அவள் இல்லை. வெல்பிரிஜ் ஊரில் அக்டோபர் மாதம் எந்தத் தாயும் அப்படித்தான் இருப்பாள். பத்து வயதில் ஒரு தேர்வு. தேறினால் ஆற்றங்கரைக் கிராமர் பள்ளியில் இடம் கேட்கலாம், அதிலும் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே முதலில் இடம். தேறாவிட்டால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பாட்டுக்குத் தூங்குவார்கள், பெற்றவர்கள்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

"ரெண்டு வருஷமா டியூஷன். ஹெட்டி எந்த மாதிரித் தேர்வுலயும் தொண்ணூறுக்குக் கீழ வாங்கினதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு விடை குடுப்பாங்க, சரியானதுல கோடு போடணும், அவ்வளவுதான். நேத்து மார்க் வந்துச்சு. நூறு கேள்வியில மூணு."

"மெஷின் திருத்துறதுதானே. ஏதாவது கோளாறா இருக்கும்," என்றான் கிளைவ்.

"கையாலயும் திருத்திட்டாங்க. மூணேதான். ஆனா பக்கத்து மேசையில உக்காந்த ஜெம்மா பாஸ். ஒரு நாள் டியூஷன் போனதில்லை அந்தப் பொண்ணு. அவ அம்மா ஷீலாதான் பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்கா. தாள்களை வாங்கி அடுக்கினதும் அவதான். திங்கக்கிழமை காலைல என் புகார் கவுன்சிலுக்குப் போகுது."

"போனா ஷீலாவுக்கு வேலை போயிடும்," என்றார் ஆட்ரி.

"போகட்டும். என் பொண்ணுக்குப் போனதைவிடவா?"

ஆட்ரி பிஸ்கெட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இப்ப எங்க குடியிருக்கீங்க?"

ரோவினா சற்றுத் தயங்கினாள். "வீடு ஆத்துக்கு இந்தப் பக்கம். ஸ்டேஷனுக்கு அந்தாண்ட ஒரு ஃபிளாட்டும் எடுத்திருக்கோம். நைஜல், என் வீட்டுக்காரர், கோடையில இருந்து அங்கதான் இருக்கார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து விலாசம் வேணும்ல, அதுக்காக. எல்லாரும் பண்றதுதானே."

"தூரத்தை எப்படி அளப்பாங்கன்னு தெரியும்ல?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வீட்டு வாசல்ல இருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் நேர்கோடு. ரோடு, பாலம் எதுவும் கணக்குல வராது."

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்," என்றார் ஆட்ரி. "அதுவரைக்கும் யார்கிட்டயும் ஷீலா பேரை எடுக்காதீங்க."

அவள் போனதும் கிளைவ் எழுந்துவிட்டான். "ஷீலாவேதான். இல்லைன்னா அந்தப் பொண்ணு ஒரு வரிசை தள்ளிக் கோடு போட்டிருக்கும். முதல் கேள்வியோட விடையை ரெண்டாவதுல, ரெண்டாவதை மூணாவதுல. அப்ப எல்லாமே தப்பாயிடும்ல?"

ஆட்ரி அலமாரியிலிருந்து ஒரு பழைய மாதிரித் தேர்வை எடுத்து, கேள்விகள் இருந்த புத்தகத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெறும் விடைத்தாளை மட்டும் அவனிடம் கொடுத்தார். "கோடு போடு."

"கேள்வியைக் குடுக்காமயா?"

"ஜோசியம் பாரு. உனக்குத்தான் கைவந்த கலையாச்சே."

அவன் கண்ணை மூடிக்கொண்டு இஷ்டத்துக்குக் கோடு போட்டான். ஆட்ரி விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இருபத்திரண்டு. ஒரு கேள்விகூடப் படிக்காம. சாயங்காலம் நீயும் வா."

டாண்டி வீட்டு வாசலைத் தாண்டும்போதே கிளைவ் இடறி விழப் பார்த்தான். மிதியடியின்மேல் ஒரு ஜோடி பெரிய ஆண் செருப்பு, வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு, உள்ளே வருகிறவர் காலை நுழைக்கத் தோதாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க," என்றாள் ரோவினா. "நான் எடுத்து உள்ளே வைப்பேன். மறுபடி அங்கேயே வந்துடும். ஹெட்டிதான்."

சுவரில் கோட்டு மாட்டும் கொக்கிகளில் பாதி காலியாக இருந்தன. மேலே மீன் பிடிக்கும் தூண்டில் கோல்கள் வைக்கும் மரத்தாங்கி, அதுவும் காலி. ஆட்ரி அதை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே தோட்டம், அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கு அக்கரையில் கிராமர் பள்ளியின் வாசற்கதவு. ஒரு பையன் பந்தை வேகமாக அடித்தால் இந்தத் தோட்டத்தில் வந்து விழும்போல் இருந்தது.

ஹெட்டி மேசையருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், பேச்சில் அளவு வைத்திருந்தாள்.

"பரீட்சை கஷ்டமா இருந்துச்சா?" என்றார் ஆட்ரி.

"ரொம்ப நேரம் ஆச்சு. அம்மா சொல்றாங்களே, அப்படியெல்லாம் ஷீலா ஆன்ட்டி எதுவும் பண்ணலை. அவங்க நல்லவங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்டி ஆரஞ்சின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். பிறகு, ஆட்ரியை விட்டுவிட்டு, கிளைவைப் பார்த்துக் கேட்டாள். "பாஸாகலைன்னா அந்த ஃபிளாட்டை உடனே காலி பண்ணிடலாமா? இல்ல, கொஞ்ச நாள் வச்சிருக்கணுமா?"

"அதெல்லாம் வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது," என்றான் கிளைவ், பெரிய மனுஷன் தோரணையில்.

ஆட்ரி அவனைப் பார்த்த பார்வையில், தான் எதையோ கோட்டை விட்டுவிட்டோம் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

நைஜலை வரச் சொல்லும்படி ஆட்ரி கேட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. ரோவினா போய்க் கதவைத் திறந்தாள். நைஜல் மிதியடியில் நின்று மழைத்துளியைத் தட்டினான், கீழே இருந்த செருப்பைப் பார்த்தான், அதில் காலை நுழைக்காமல் ஓரமாகத் தாண்டிக் காலுறையோடு உள்ளே வந்தான். ஹெட்டி ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முயலுக்குத் தீனி வைத்துவிட்டு வரச் சொல்லி அவளைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

"ஷீலா தாளை மாத்தலை," என்றார் ஆட்ரி, பின்கதவு சாத்தியதும். "மாத்தியிருந்தா உங்களுக்கு வந்த மார்க் ஜெம்மாவோட மார்க்கா இருக்கும். படிக்காத பொண்ணுன்னே வச்சுப்போம். ஒண்ணுமே தெரியாத ஆள் கண்ணை மூடிக்கிட்டுக் கோடு போட்டாலும் அஞ்சுல ஒண்ணு சரியாயிடும். காலைல கிளைவ் போட்டான். இருபத்திரண்டு."

"அவ்வளவு பெருமையாச் சொல்ல வேண்டாம்," என்று முணுமுணுத்தான் கிளைவ்.

"வரிசை தள்ளிப் போட்டிருந்தாலும் அதே கதைதான். நூத்துக்கு மூணு வாங்குறது லேசுப்பட்ட காரியம் இல்லை, ரோவினா. ஒவ்வொரு கேள்வியிலயும் சரியான விடை எதுன்னு கண்டுபிடிச்சு, அதைத் தொடாம விட்டாத்தான் முடியும். ஹெட்டிக்குக் கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் விடை தெரியும். தப்பா போடணும்னு நினைச்சு சரியா விழுந்துபோன அந்த மூணும் அவளுக்கு நிஜமா தெரியாதது."

ரோவினாவின் முகம் வெளிறியது. "வேணும்னே பண்ணினாளா? எதுக்கு?"

"அதுக்கு நீங்க ரெண்டு பேரும்தான் பதில் சொல்லணும்." ஆட்ரியின் குரல் உயரவில்லை. "ஜன்னல் வழியாப் பாருங்க. பள்ளிக்கூட கேட் அதோ. நேர்கோட்டுல அளந்தா இந்த ஊர்லயே உங்க வீடுதான் பக்கம். ஸ்டேஷனுக்கு அந்தாண்ட இருக்கிற ஃபிளாட் எவ்வளவோ தூரம். விதிமுறையைத் தூக்கத்துல சொல்ற அம்மா இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. அந்த ஃபிளாட் பள்ளிக்கூடத்துக்காக எடுத்தது இல்லை."

ரோவினா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஆட்ரி தொடர்ந்தார்.

"விலாசத்துக்காக மட்டும் ஒருத்தர் வெளியே தங்கினா தூண்டில் கோலை எல்லாம் எடுத்துட்டுப் போக மாட்டார். தன் வீட்டுக்கு வர்றப்ப மணி அடிச்சுட்டு நிக்க மாட்டார். அதுக்கு மேல ஒண்ணு. போலி விலாசம்னு ஒத்துக்கிட்டா இடமே போயிடும்னு தெரிஞ்சும் என்கிட்ட கூசாமச் சொன்னீங்க. அதைவிடப் பெரிசா நினைக்கிற ஒண்ணை மறைக்கிறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க."

நைஜல் மேசையைப் பார்த்தபடி பேசினான். "மே மாசம் முடிவு பண்ணினோம். சண்டை சச்சரவுன்னு ஒண்ணும் இல்லை. ஒத்துவரலை, அவ்வளவுதான். பரீட்சை முடியற வரைக்கும் ஹெட்டிக்குத் தெரிய வேண்டாம்னு..."

"நான்தான் சொன்னேன்," என்றாள் ரோவினா. "பள்ளிக்கூடத்துக்காகன்னு சொன்னா யாரும் மேல ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி பாராட்டினா தெரியுமா. எப்பேர்ப்பட்ட தியாகம்னு."

அந்த ஊரை அறிந்தவர்களுக்கு அது ஆச்சரியமில்லை. கணவன் மனைவி பிரிந்தார்கள் என்றால் தெருவே ஜன்னல் திரையை விலக்கும். பள்ளிக்காகப் பிரிந்திருக்கிறார்கள் என்றால் அதே தெரு மரியாதையாகத் தலையாட்டும். எல்லாரையும் ஏமாற்றிய அந்தப் பொய்யை, பத்து வயதுப் பெண் ஒருத்தியும் அப்படியே நம்பிவிட்டாள். கிளைவுக்கு அப்போதுதான் அவளுடைய கேள்வி உறைத்தது. வாடகை ஒப்பந்தம் என்று பதில் சொன்ன தன் வாயை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"பள்ளிக்கூடம்தான் அப்பாவைக் கொண்டுபோச்சுன்னு நினைச்சா," என்றார் ஆட்ரி. "அது இல்லைன்னு ஆயிட்டா திரும்பி வந்துடுவார்னு கணக்குப் போட்டா. கணக்குல அவ தப்பே பண்ணலை. நீங்க குடுத்த எண்தான் தப்பு."

ரோவினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புகார் போகாது," என்றாள் சற்றுப் பொறுத்து. "ஹெட்டிக்கு இனிமே வழி இருக்கா?"

"இருக்கு. மேல்முறையீட்டுக் குழுவுல நான் உக்காந்திருந்த நாற்காலியில இப்ப வேற ஆள். ஆனா அவங்களுக்கும் கூட்டல் தெரியும். வகுப்பு டீச்சர் சொல்றதையும் மார்க்கையும் சேர்த்து வச்சு நடந்ததை மறைக்காமச் சொல்லுங்க. கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அதுக்கு முன்னால வேற ஒருத்திகிட்டச் சொல்ல வேண்டியது இருக்கு. அது என் வேலை இல்லை."

நைஜல் எழுந்து பின்கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டான். ஆட்ரியும் கிளைவும் கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். சமையலறைக் கதவு முழுவதும் சாத்தவில்லை. நைஜல் மெல்லப் பேசுவது கேட்டது, ரோவினா இடையில் ஒருமுறை குரல் உடைந்து நிறுத்தியது கேட்டது.

"அப்ப, நான் பாஸாகியிருந்தாலும் நீங்க போயிருப்பீங்க," என்றாள் ஹெட்டி.

"ஆமா செல்லம்."

"ஃபெயிலானாலும்."

"ஆமா. உன்னால ஒண்ணுமே இல்லை."

"அப்ப நான் எல்லாத்தையும் சரியாவே போட்டிருக்கலாம்."

கிளைவ் கதவுக் கைப்பிடியைப் பிடித்தவன் திருப்பாமல் நின்றான். ஆட்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் மழைத்துளி எதுவும் இல்லை.

ஹெட்டி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கன்னம் நனைந்திருந்தது. அவர்கள் நிற்பதை அவள் பொருட்படுத்தவில்லை. மிதியடியில் குனிந்து அந்தக் கம்பளிச் செருப்பு இரண்டையும் எடுத்து, ஒன்றோடொன்று தட்டித் தூசியைப் போக்கினாள். பின்னாலேயே வந்த நைஜலிடம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா, அங்கேயே வச்சுக்கங்க," என்றாள். "அந்த ஃபிளாட்ல தரை ஜில்லுனு இருக்கும்."