இலை, பாம்பு, பிறை

ஞாயிறு, காலை 11.20.

சர்ச்சிலிருந்து திரும்பிய ஆஷா கதவைத் தள்ளியபோது டிவியில் ஒரு கல்லறை தெரிந்தது. அதற்கு முன்னால், தரையில், அவள் கணவன் ராஜ்கமல் குப்புறக் கிடந்தான். வாயோரம் நுரை. கையருகே கன்சோலின் கண்ட்ரோலர்.

அவள் தண்ணீருக்காகச் சமையலறைக்கு ஓடினாள். அலமாரியில் மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் கப்புகள். மங்கிய சிவப்பு அவனுடையது, மங்கிய பச்சை அவளுடையது. இரண்டும் ஈரமாக இருந்தன. சிவப்புக் கப்பின் தலையில் பச்சை மூடி உட்கார்ந்திருந்தது. உயிர் போகிற நேரத்தில் மூடியை யார் பார்ப்பார்கள்? செம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்று மாலை துணி எடுக்க வந்தபோது கைப்பழக்கத்தில் மூடிகளை மாற்றி வைத்துவிட்டு, அந்த நினைப்பே இல்லாமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டாள்.

மண்ணரையில் ஒரு சாயப்பட்டறையின் லேப்புக்கு ராஜ்கமல்தான் பொறுப்பு. கறுப்பில் மட்டும் பதினோரு வகை சொல்லுவான். பிழைக்க வந்த ஊரில் அவனுக்கென்று இருந்த ஒரே ஆசை அந்தப் பழைய விளையாட்டு. பாழடைந்த மாளிகை ஒன்றில் அம்புக்குறியை நகர்த்தி, கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுத் தொட்டுப் புதிரை அவிழ்க்க வேண்டும். கோவில்பட்டி கம்ப்யூட்டர் சென்டரில் பதினாலு வயதில் ஆடியது, இப்போது கன்சோலுக்குப் புது மெருகோடு வந்திருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் புதுப்படம், மறுபடி அழுத்தினால் அந்தக் காலத்துப் பழைய படம். ஞாயிறு காலை என்றால் அவனுக்கு அதுதான் பூசை. துணைக்கு லேப்பில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் சிவராஜும் வந்துவிடுவான்.

சனிக்கிழமை சாப்பிடும்போது ராஜ்கமல் ஒன்று சொல்லியிருந்தான். சாயத்தின் நிறத்தை எண்ணாகக் காட்டும் லேப் மெஷின் ரிப்பேராகிப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் மூன்று லாட் துணி நிறம் மாறித் திரும்பி வந்துவிட்டது. "கோளாறு மெஷின்ல இல்லட்டி. நாளைக்கு ஒரு சின்ன டெஸ்ட் வச்சா தெரிஞ்சுரும்" என்றான். என்ன டெஸ்ட் என்று அவள் கேட்கவில்லை.

திங்கள், காலை 10.00.

வீட்டுக்கே வந்து விசாரித்தார் இன்ஸ்பெக்டர் கோமளா. குரல் மெதுவானது, கேள்விகள்தான் கூர்மை.

"எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

"எட்டரைக்கு, மேடம்."

"டீ?"

"நான்தான் போட்டேன். பிளாஸ்க்ல ஊத்தி வச்சுட்டுப் போனேன்."

"பிளாஸ்க்ல இருந்தது சுத்தமான டீங்க. அப்ப கப்புலதான் கலந்திருக்கோணும். கப்பு கழுவி அலமாரில இருக்குது. விசம் குடிச்சவரு எந்திரிச்சுப் போயிக் கப்பைக் கழுவுவாருங்களா?"

"நான் கழுவல மேடம். ரெண்டு கப்பும் ஈரமா இருந்துச்சு. யாரோ வந்திருக்காக."

"யாரு? வீட்டைக் காலி பண்ணச் சொல்லி சனிக்கெழமை சண்டை போட்ட ஊட்டு ஓனரு கன்னையன், குன்னத்தூர்ல வாழைத்தார் வெட்டிட்டு இருந்திருக்காரு. இருபது பேரு சாட்சி. சிவராஜ் மங்கலத்துல அவங்க பெரியப்பா ஊட்டுல இருந்ததா அந்த ஊட்டு ஆளுகளே சொல்றாங்க. லேப்ல பொழங்குற கெமிக்கல்னு டாக்டர் சொல்றாரு. உங்க ஊட்டுக்காரரு பையில இருந்து எடுக்கறதுக்கு வெளியாளு வேணுமுங்களா?"

கோமளா மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டிக்கர் அட்டை. ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் கறுப்பு மையில் கையால் வரைந்த படம். இலை, பாம்பு, பிறை என்று அதே மூன்றும் திரும்பத் திரும்ப. எழுத்தே இல்லை.

"கொழந்தை இருக்குதுங்களா?"

"இல்ல மேடம்." அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள்.

கோமளா அட்டையை ஃபைலில் செருகினார். "புதன்கெழமை காலையில ஸ்டேசனுக்கு வந்துருங்க. மாத்துத் துணி எடுத்துக்குங்க."

மாத்துத் துணி என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய், பிற்பகல் 3.30.

"இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றே டாக்டர் மூன்றாம் நாளும் சொன்னார். ஆஷா வீட்டுக்கு வந்து மாற்றுப் புடவையை மடித்தாள். மூன்றாவது மடிப்பில் நிறுத்தினாள். புடவையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பது வருடமாக எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. எந்தப் பீஸையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். இந்த வீட்டில் அவள் இன்னும் திருப்பிப் பார்க்காதது ஒன்றுதான். கன்சோலை ஆன் செய்தாள்.

ஆட்டத்தைச் சேமித்த நேரங்கள் வரிசையாக வந்தன. ஞாயிறு 9.48. 9.53. 9.57. மூன்றிலும் அதே கல்லறை.

முதலாவதைத் திறந்து ஒரு காட்சி பின்னால் போனாள். மாளிகை வைத்தியரின் அலமாரி. பழைய படம். ஒரே உருவத்தில் இரண்டு புட்டிகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு, ஒவ்வொரு முறையும் இடம் மாறி நிற்கும். பச்சையைக் குடித்தால் கதவு திறக்கும். சிவப்பைக் குடித்தால் கல்லறை. ஆடியவர் சிவப்பைக் குடித்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சிவப்பு. அப்புறமும் சிவப்பு.

பதினோரு கறுப்பைப் பிரிக்கிறவனா மூன்று முறை தவறுவான்? அதுவும் பதினாலு வயதிலிருந்து ஆடுகிற ஆட்டத்தில்? கண்ட்ரோலர் வேறு யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

அவள் அந்தப் பட்டனை அழுத்தினாள். புதுப்படம் வந்தது. புட்டிகள் மேல் இப்போது அடையாளம் இருந்தது. பச்சையில் இலை. சிவப்பில் பாம்பு. மேல்தட்டில் நீலப் புட்டி ஒன்று, அதில் பிறை.

ஆஷா போனை எடுத்தாள். "மேடம், கொஞ்சம் வீட்டுக்கு வாங்க. அந்த ஸ்டிக்கரையும் கொண்டு வாங்க."

"இருவது நிமிசத்துல வர்றனுங்க."

போனை வைத்ததும் கதவு தட்டப்பட்டது. டிவியை அணைத்துவிட்டுத் திறந்தாள்.

சிவராஜ். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். நேரம் 3.50.

"அண்ணனைப் பாக்கப் போனேனுங்க அண்ணி, உள்ளே உடலை. உங்க மொகமே வாடிப் போச்சு. இருங்க, டீ போட்டுத் தர்றேன்."

வேண்டாம் என்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டான். டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எத்தனை ஞாயிறு வந்திருக்கிறான். இத்தனை நாள் அது உரிமையாகப் பட்டது. இன்றைக்கு ஏனோ கழுத்தில் கை வைத்தது போல் இருந்தது.

அவன் இரண்டு கப்புகளோடு வந்தான். சிவப்புக் கப்பை அவள் முன்னால் வைத்தான்.

அதன் மேல் பச்சை மூடி.

ஞாயிற்றுக்கிழமை அலமாரி கண் முன்னால் வந்து நின்றது. வீடு, அவள், அவன், ஒரு கப் டீ. பக்கத்து வீட்டில் ஓனர் கன்னையனும் இல்லை. கத்தினால் பக்கத்துப் பனியன் கம்பெனி மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"குடிங்க அண்ணி."

"சூடா இருக்கு தம்பி."

"ஆறீருமுங்க."

அவள் மூடியைத் திறந்தாள். கப்பை உதடுவரை கொண்டுபோய் ஊதினாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்து ஊதினாள். அவன் தன் டீயைத் தொடவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனசு ஒடஞ்சவங்க என்னென்னமோ பண்ணிக்கறாங்க. நீங்க அப்பிடியெல்லாம் நெனைக்கப்படாது" என்றான். சொன்ன விதத்தில், நாளைக்கு ஊர் தன்னைப் பற்றி என்ன பேசும் என்பது ஆஷாவுக்கு முழுசாகக் கேட்டுவிட்டது.

"ஏன் இன்னும் குடிக்கலீங்க?" அவன் எழுந்து நின்றான்.

4.10. வாசலில் ஜீப் சத்தம். போன உயிர் அப்போதுதான் திரும்பியது.

கோமளா உள்ளே வந்ததும் ஆஷா இரண்டு மூடிகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"தம்பி, இதுல எது பச்சை?"

சிவராஜ் சிரிக்கப் பார்த்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மேடம்" என்றாள் ஆஷா. "மெஷின் நம்பரைப் பாத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்காரு. மெஷின் நின்னதும் மூணு லாட் திரும்பிருச்சு. அவுக சந்தேகப்பட்டு, ஞாயித்துக்கெழமை பழைய படத்தை வச்சு இவரை ஆடச் சொல்லியிருக்காக. மூணு தடவை சிவப்பு. நேரம் அதுலயே இருக்கு. விஷயம் தெரிஞ்சுருச்சுன்னு டீயில கலந்து குடுத்துட்டு, ரெண்டு கப்பையும் கழுவி, மூடியை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாரு. இன்னைக்கும் அதே மாதிரி மாத்திப் போட்டிருக்காரு. பாருங்க."

கோமளா சிவப்புக் கப்பை அவன் பக்கம் நகர்த்தினார். "தப்பில்லாத டீன்னா ஒரு வாய் குடிங்க."

சிவராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வேலை போச்சுன்னா அப்பறம் எந்தப் பட்டறையிலயும் சேத்த மாட்டாங்க. சனிக்கெழமை அண்ணன் 'நாளைக்கு வா, உன் கண்ணைப் பத்திப் பேசோணும்'னு கூப்பிட்டதும் பயந்துபோயி லேப்ல இருந்து அதை எடுத்துட்டு வந்தனுங்க. மூணாந்தடவை ஆடி முடிச்சதும் ஒண்ணுமே சொல்லாம என்னையப் பாத்தாருங்க. மொதலாளிகிட்டச் சொல்லிப்போடுவாருன்னுதான்... பெரியப்பா ஊட்டுலயும் நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனுங்க."

கோமளாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு ஆஷாவைப் பார்த்தார். "கண்ணு முழிச்சுட்டாராமுங்க."

ஆஷா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து டிவியைப் போட்டாள். புதுப்படம். இலை, பாம்பு, பிறை. கோமளாவின் ஃபைலிலிருந்து அட்டையை உருவி சிவராஜின் மடியில் வைத்தாள்.

"லேப்புல சாய டப்பா மேல ஒட்டுறதுக்கு. எது எந்த நெறம்னு ஒனக்குத் தெரியணும்னு உக்காந்து வரைஞ்சிருக்காக."

சிவராஜ் இலைப் படத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"அண்ணன் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொல்றதுக்குள்ள நீ குடுத்த டீயைக் குடிச்சுட்டாக" என்றாள் ஆஷா.