வாசிக்காமல் விட்ட வருடம்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தும், பழைய கட்டடத்தின் கடைசி வகுப்பறையில் பின்சுவர் மட்டும் சுட்டது. சாக்பீஸ் தூள் படிந்த கையைச் சுவரில் ஊன்றியபோதுதான் சுகிர்தா அதை உணர்ந்தாள். வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெளியே ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, சன்னல் கம்பிகள் சில்லென்று இருந்தன, பெஞ்சுகளில் ஈரமரத்தின் வாடை அடித்தது. மறுபடி தொட்டாள். சுட்டது.

விருதுநகரின் ஓரத்தில், சூலக்கரைக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிக்கு அந்த ஆண்டு, 2006இல், பொன்விழா. வரலாற்றுப் பாடம் எடுப்பவள் என்பதால், பள்ளியின் ஐம்பது வருடக் கதையை எழுதி விழாவில் வாசிக்கும் பொறுப்பு சுகிர்தாவிடம் வந்திருந்தது. அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மகள் ஓவியா அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள்.

சுவரைப் பற்றி, பள்ளியைப் பெருக்கும் மூக்கம்மாளிடம் கேட்டாள். மூக்கம்மாள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். பிறகு சொன்னாள். அந்த அறையில்தான் தொடக்க காலத்தில் இரவுப் பள்ளி நடந்ததாம். பகலெல்லாம் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்த சிறுமிகள் பொழுது சாய்ந்ததும் அங்கே படிக்க வருவார்கள். சீசன் நேரத்தில் கம்பெனி ஏஜெண்டுகள் பிள்ளைகளை ராத்திரி வேலைக்கும் இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து, சிஸ்டர்மார் கதவை வெளியே பூட்டிவிட்டு ஜெபத்துக்குப் போவார்கள். 1959இல் ஒருநாள், பெட்டியில் அடைப்பதற்காகப் பிள்ளைகள் மடியில் கட்டிக் கொண்டுவந்த மருந்துக்குச்சிகளில் தீப்பிடித்துவிட்டது.

"நானும் அங்கனதான் படிச்சேன் டீச்சர். அன்னைக்குப் பிந்தி வந்தேன். உள்ள இருந்து கதவைத் தட்டுதாளுக. எங்கிட்ட சாவி இல்ல. கொஞ்ச நேரத்துல தட்டுறதும் நின்னுபோச்சு."

சுகிர்தா அதை அப்படியே எழுதினாள். தலைமையாசிரியையான சிஸ்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விழாவுக்கு ஆயர் வருகிறார் என்றார். புதிய அரங்கைக் கட்டிக்கொடுத்த கனகசபாபதியும் வருகிறார், அந்தப் பிள்ளைகள் வேலை பார்த்தது அவர் தகப்பனார் கம்பெனியில் என்றார்.

"அவங்களுக்காக நாம ஜெபம் பண்ணிக்கிடலாம் சுகிர்தா. மேடையில வேண்டாம். உங்க வேலை நிரந்தரமாகுற நேரம் வேற."

அந்தப் பத்தியைச் சுகிர்தா அடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்படியில் நின்றபோது வாசல் கதவு தட்டப்பட்டது. கதவின் கீழ்ப்பாதியில், ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில். திறந்தாள். தெருவில் மழை மட்டும். ஆனால் கந்தகமும் கருகிய முடியும் கலந்த ஒரு நெடி முகத்தில் மோதியது. கதவைச் சாத்தினாள். மறுபடி தட்டல், இம்முறை அவசரமாக, பல கைகள் சேர்ந்து.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஓவியா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"வெளிய யாரும் இல்லம்மா. உள்ள இருந்துதான் தட்டுறாக."

சுகிர்தா அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு மகளை ஒட்டியே படுத்திருந்தாள். காலையில் சிஸ்டரிடம் போய் வாசிக்க முடியாது என்று சொல்லிவிட நினைத்தாள். வேலையை நினைத்தாள். சொல்லவில்லை.

விழா அன்று மழை விட்டிருந்தது. புதிய அரங்கில் மல்லிகை வாசமும் பெயிண்ட் வாசமும் கலந்து மூச்சை அடைத்தன. மேடையில் ஆயர், பக்கத்தில் கனகசபாபதி. பெற்றோர்கள் நாற்காலிகளில். பிள்ளைகள் முன்னால், தரையில் வரிசையாக. சுகிர்தா மைக்கின் முன் நின்று வாசித்தாள். அடிக்கல் நாட்டியது. முதல் கூரை வேய்ந்தது. 1958இல் கிணறு தோண்டியது.

ஒரு கணம் நிறுத்தினாள். சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"1960இல்..."

குரல் வெளியே வரவில்லை. மைக் செத்திருந்தது. மின்விசிறிகள் நின்றன. கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் எல்லோரும் மேடையைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்கள். யாரும் கண் சிமிட்டவில்லை.

பிள்ளைகள் எழுந்தார்கள்.

முதல் வரிசை. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. சத்தமே இல்லாமல். பிரம்படிக்கு நீட்டுவதுபோல் எல்லோரும் இரு கைகளையும் அவளை நோக்கி நீட்டினார்கள். உள்ளங்கைகள் கறுத்திருந்தன. தோல் சுருண்டு தொங்கியது.

விட்டுப்போன வருடத்தைச் சொல்லிவிட வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை.

மூன்றாம் வரிசையில் ஓவியா. அவள் அழவில்லை. விரல் நுனிகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.