தாழ்ப்பாள் சத்தம்

இப்போதெல்லாம் ஆளை வெட்டப் போகிறவர்கள் முதலில் ஜன்னல் பூனைகளைக் கொன்றுவிடுகிறார்கள். கேமராப் படத்தை யாரும் போலியாகச் செய்துவிடலாம், மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்று சட்டம் இரண்டையும் தள்ளிவிட்டது. நினைவுவடிப்பான் என்ற கருவியின் கம்பி வலையை விலங்கின் தலையில் மாட்டினால், அது பார்த்ததும் கேட்டதும் திரையில் ஓடும். அது மட்டும்தான் சாட்சி.

வலைக்காரத் தெருவில் டைட்டஸ் பதினோரு பூனைகளின் கழுத்தைத் திருகிப் போட்டான். பன்னிரண்டாவது, ஜன்னலில் காய்ந்த மீன்வலைக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. அது அமலி வளர்க்கும் சீமாட்டி. மீன்காரிகளின் சண்டை, ஐஸ் வண்டி, நாய்கள் என்று நாள் முழுக்கத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும். கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் மட்டும், மீன் வந்துவிட்டதென்று உள்ளே திரும்பும்.

அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் பட்டப்பகலில் அமலியின் தம்பி ரெஜியை டைட்டஸ் வெட்டினான்.

மறுநாள் வந்து நின்றான்.

"பூனைய குடுத்துரு அக்கா. வேற வாங்கித் தரேன்."

"என் தம்பியையும் வேற வாங்கித் தருவியாடா, பொறம்போக்கு?"

ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பூனையின் கழுத்தைப் பிடித்தான். அமலி மீன் கத்தியை இறக்கினாள். இரண்டு விரல்கள் உள்ளே விழுந்தன. சீமாட்டி அவற்றை முகர்ந்து பார்த்தது.

விசாரணையன்று அதைக் கூடையில் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனாள். திரையில் தெரு ஓடியது. ஐஸ் வண்டி. ரத்தச் சட்டையோடு ரெஜி ஓடி வருகிறான். பின்னால் துரத்துகிறவனின் கை கத்தியோடு உயர்கிறது. அவன் முகம் நிமிரும் நேரத்தில் தாழ்ப்பாள் சத்தம். படம் சட்டென்று வீட்டுக்குள் திரும்பியது.

தாழ்ப்பாளைப் போட்டு, அதை அழுத்திப் பிடித்திருக்கும் அமலியின் கை.

"அக்கா! கதவத் தொறக்கா!"

அலறல் அடங்கும்வரை பூனை அந்தக் கையையே பார்த்திருந்தது. மீன் வரவில்லை. பிறகு தெருவுக்குத் திரும்பியபோது அங்கே உடல் மட்டும் கிடந்தது.

"நான் பாத்தேங்கய்யா! கதவிடுக்குல பாத்தேன். இவன்தான்!" அமலி கத்தினாள்.

"மனுஷங்க பாத்தது செல்லாதும்மா," என்றார் நீதிபதி.

டைட்டஸ் கட்டுப்போட்ட கையை உயர்த்திக் கும்பிட்டான். "ரெண்டு விரல் போனாலும் பரவால்லக்கா. ரொம்ப தேங்க்ஸ்."

காவலர் குற்றவாளிக் கூண்டின் தாழ்ப்பாளை இழுத்து அவனுக்குத் திறந்துவிட்டார். சத்தம் கேட்டதும் சீமாட்டி காதை நிமிர்த்தி, அமலியின் கையைப் பார்த்தது.