முதல் பாயிண்ட்

மேஜை விளக்கு மறுபடி அணைந்தது. மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் வெளியே கொட்டிய மழையாலும், பக்கத்துக் கட்டடச் சுவரை ஒட்டிய ஜன்னலாலும் அறைக்குள் பேருக்குக்கூட வெளிச்சமில்லை. ஈரச் சுண்ணாம்பு வாடையும், எங்கோ குழாய் சொட்டும் சத்தமும்தான். வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். அது கரண்ட்டை மிச்சம் பிடிக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். முதல் பாயிண்டில் செருகிய லேப்டாப் கரண்ட் இழுத்தால்தான் மற்ற பாயிண்டுகளுக்கு உயிர். பேட்டரி நிறைந்து இழுப்பது குறைந்தாலோ, லேப்டாப் தூங்கிவிட்டதென்று நினைத்து விளக்கையும் அணைத்துவிடும். "இந்தச் சனியன் லேப்டாப்புக்கு ஒத்தே வராது" என்று தலையில் அடித்துக்கொண்டு, விளக்கை முதல் பாயிண்டுக்கு மாற்றுவதற்காக லேப்டாப் ஒயரைப் பிடுங்கிச் சுவரில் மாட்டினாள். முதல் பாயிண்ட் காலி. இப்போது விளக்கு எரியவே கூடாது.

விளக்கு எரிந்தது.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அக்கா, அந்த வீடு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல? கிளம்பி அண்ணன் வீட்டுக்கே வந்துடு."

"செத்தாலும் வரமாட்டேன்டி. அண்ணிகிட்ட பேச்சு வாங்கினதெல்லாம் போதும். இது என் வீடு."

வைத்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: அவள் மூச்சை இழுத்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. பாக்ஸைப் பிடுங்கி எறியலாம்தான், ஆனால் அந்தக் காலித் துளைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே கூசியது. ஓடலாம். கதவு நாலு எட்டுதான். ஓடினால் மறுபடி அண்ணன் வீட்டுக் கூடம், மூலையில் அவள் பாய்.

"அடச்சீ, என்கிட்டயா உன் வேலையைக் காட்டுற? பாத்துடலாம் வா."

நாற்காலியை இழுத்துப் பாக்ஸுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்தாள்.

விளக்கு அணைந்தது. அப்படியே கிடந்தது.

அப்படி வா வழிக்கு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். வாயையும் மூக்கையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். நெஞ்சு வலித்தது. எழுந்திருக்கவில்லை.

விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

அவள் இன்னும் மூச்சு விடவில்லை.