உட்கார மறுத்த ஆந்தை

பொன்னிற ஆந்தை முத்திரை இல்லாமல் எங்கள் குடும்பப் பட்டறையிலிருந்து ஒரு கிட்டார்கூட வெளியே போனதில்லை. அதை ஒட்டுவது என் தம்பி மகள். பதினோரு வயதுதான், ஆனால் விரல் நடுங்காது. அதனால் அவளுக்குச் 'சின்ன மேஸ்திரி' என்று பட்டப்பெயர்.

அன்று மத்தியானமே மழை இருட்டு. மேசைமேல் இன்னும் தந்தி கட்டாத கிட்டார் ஒன்று கிடந்தது. ஆந்தைக் கிட்டார்தான் வேண்டும் என்று ஓர் இசை ஆசிரியர் கேட்டிருந்தார்.

சின்ன மேஸ்திரி ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறவைத்தாள். காகிதத்திலிருந்து ஆந்தையை நழுவவிட்டு, கிட்டாரின் தலையில் நேராக வைத்தாள். ஒற்றியெடுக்கத் துணியை எட்டி எடுத்தாள். அதற்குள் ஆந்தை விளிம்பில் தொங்கியது.

"அப்பா, இது நகருது!"

"தண்ணி அதிகமா இருக்கும். ஆந்தைக்குக் கால் முளைக்குமா?" என்று என் தம்பி சிரித்தான்.

இரண்டாவது ஆந்தையை நன்றாக அழுத்தி ஒட்டினாள். கண் மூடித் திறந்தாள். ஆந்தை தலைகீழாக இருந்தது.

மிச்சம் ஒன்றுதான்.

அப்போது, தந்தியே இல்லாத கிட்டாரின் வயிற்றுக்குள் யாரோ "ம்ம்ம்..." என்றார்கள்.

தம்பியின் சிரிப்பு நின்றது. "வண்டு புகுந்திருக்கும்," என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அவள் டார்ச் அடித்து, துளை வழியாகக் கைக்கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். வண்டு இல்லை. மேல்பலகையின் உட்புறத்தில் பென்சில் எழுத்துகள் இருந்தன. இடவலம் மாறித் தெரிந்தவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"கழுத்து செதுக்கியது நான். பலகை இழைத்தது நான். ஒட்டியது நான்... கீழே பேர். அத்தை, இது தூசி மாமா!"

தூசி மாமா எங்கள் பட்டறையில் வேலை பார்த்தவர். எப்போதும் தலை முதல் கால் வரை மரத்தூள். போன மாதம் இறந்துபோனார்.

"அப்பா, இதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

தம்பி தலையைச் சொறிந்தான். "வார்னிஷ் அடிச்சேன்."

"அப்போ இது அவரோட கிட்டார்தானே?"

"நம்ம பட்டறையில செஞ்சது நம்மளுது," என்றேன் நான் கண்டிப்பாக.

"அத்தை, அடுத்தவங்க உழைப்பை நம்மளுதுன்னு சொன்னா நம்ம குடும்பத்துக்குத்தானே அசிங்கம்?"

நான் அலமாரியைத் திறந்தேன். பொன்னிற மைப் புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

மாமாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, கிட்டாரின் தலையில் அவர் பெயரை எழுதினாள். கடைசி ஆந்தையைத் துளைக்குள்ளே, அடிப்பலகையில் ஒட்டினாள். அது அசையவில்லை. முனகலும் இல்லை.

தந்தி கட்டி முடித்தோம். அடுத்த வாரம் ஆசிரியர் வந்தார். "ஆந்தை எங்கே? இது யார் பேரு?" என்றார்.

"ஆந்தை உள்ளே இருக்கு. பேரு, இதைச் செஞ்சவரோடது," என்றேன் நிமிர்ந்து.

அவர் கிட்டாரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்ன வழவழப்பு! அவரைப் பார்க்கணுமே. எங்கே இருக்கார்?"

நான் வாய் திறக்குமுன் சின்ன மேஸ்திரி ஆசிரியருக்கு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உட்கார்ந்து வாசிங்க சார். அவர் கேட்பார்."