அடியில் கேட்ட குரல்

ஏரிக்கரை வானொலி நிலையத்தின் கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. நிலைப்படியில் பனி உறைந்து கிடந்தது. ஐலா பூட்ஸை உதறிவிட்டு உள்ளே போனாள். மூடிப்போன அந்தக் கட்டடத்தில் பழைய கம்பளத்தின் ஈர வாசனையும் சூடேறிய தூசியின் வாசனையும் கலந்து வந்தன.

திங்கட்கிழமை கட்டடத்தை இடிக்கிறார்கள். அதற்குள் அங்கிருந்த ஒலிப்பதிவுகளையெல்லாம் சுருக்கி நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரிய கோப்புகளை வைக்க நூலகத்தில் இடமில்லை.

"எல்லாம் ஓடிட்டு இருக்கு," என்றார் ரெய்னோ. முப்பது வருடம் அந்த நிலையத்தின் பொறியாளராக இருந்தவர். "காலையிலயே தட்டி விட்டுட்டேன். நீ சும்மா உக்காந்து பாரு. அடுப்புல வச்ச பாலைப் பாக்குற மாதிரி."

கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரிதான் இருந்தது. கோப்புறையில் இருக்கும் ஒவ்வொரு பதிவையும் எடு, சுருக்கு, மூலத்தை அழி, அடுத்ததற்குப் போ. அதற்குக் கீழே ஒவ்வொன்றாகப் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் கப்பல்களுக்காக ஹில்கா வாசித்த வானிலை அறிக்கைகள்.

ஹில்கா, ஐலாவின் தங்கை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பனிவண்டியோடு ஏரிக்குள் போனவள். பனித்தட்டு உடைந்த இடம் கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. ஐலாவுக்கு அவள் குரல் மட்டும்தான் மிச்சம். இந்த வேலையைக் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான்.

"சாப்பிட கறி அடைச்ச பேஸ்டி ரொட்டி வாங்கிட்டு வர்றேன். டர்னிப் கிழங்கு போட்டதா, போடாததா?"

"போட்டது."

"உருப்படியான குடும்பத்துப் பொண்ணு," என்று சொல்லிவிட்டு ரெய்னோ கிளம்பினார்.

ஐலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுருக்கும் கருவி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாது. ஓங்கி ஒலிக்கும் சத்தத்துக்கு அடியில் மெல்லிய சத்தம் இருந்தால், காது அதைக் கவனிக்காது என்று தூக்கி எறிந்துவிடும். எறிந்தது என்னவென்று ஐலா கேட்டுப் பார்ப்பாள். மூலத்திலிருந்து சுருக்கியதைக் கழித்தால் கழிவு மட்டும் மிஞ்சும். வழக்கமாக அது தகரத்தின் மேல் மணல் சரிவது போல இருக்கும்.

வரிசையில் கடைசியாக இருந்த பதிவை எடுத்துத் தனியாகச் சுருக்கினாள். கழித்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

மணல் சரிந்தது.

அப்புறம் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"அக்கா."

மேலே கேட்கும் அறிக்கையில் ஹில்கா காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும்தான் வாசித்திருந்தாள். உயிரோடு இருந்தபோது வாசித்தது. இது அந்த வார்த்தைகள் இல்லை.

"அக்கா, இங்க ரொம்பக் குளிருது. மேல யாரோ பேசிட்டே இருக்காங்க. அந்தப் பேச்சுக்கு அடியிலதான் நான் இருக்கேன். அத நிறுத்திடாத."

பற்கள் கிடுகிடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பின்னால் தண்ணீர் மெதுவாக எதிலோ இடித்துக்கொண்டிருந்தது.

ஐலா அந்தக் கழிவைச் சேமித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டாள். மறுபடியும். கன்னம் நனைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது திரை அசையாமல் இருந்தது. ரெய்னோவின் கட்டளை முடிந்திருந்தது.

கடைசி வரியைப் படித்தாள். கைப்பழக்கத்தில் கழிவையும் அதே கோப்புறையிலேயே சேமித்திருக்கிறாள். கட்டளைக்கு என்ன தெரியும்? அதையும் இன்னொரு பதிவென்று எடுத்து, சுருக்கி, மூலத்தை அழித்துவிட்டது.

சுருங்கியதைத் திறந்து கேட்டாள். மணல் மட்டும் சரிந்தது. ஹெட்போனில் இருந்ததை மறுபடி ஓடவிட்டாள். கோப்பு இல்லை என்றது கருவி. மூலப் பதிவுகள் எல்லாமே போய்விட்டன. மிச்சமிருந்த சுருக்கிய அறிக்கைகளில் ஹில்கா பளிச்சென்று, அழகாக, காற்று வடமேற்கு என்று வாசித்தாள். அவளுக்கு அடியில் யாருமே இல்லை.

துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

கதவு முட்டுப்பட்டுத் திறந்தது. "டர்னிப் தீந்து போச்சாம்," என்றார் ரெய்னோ, காகிதப் பையை ஆட்டிக்கொண்டே. "கேரட்தான் இருக்கு. அதையும் பேஸ்டின்னு சொல்லி விக்கிறான், வெக்கமே இல்லாம. போன வாரம் அவன்கிட்ட நான்..."

ஐலா நிமிர்ந்தாள்.

அவர் பேச்சுக்கு அடியில், மிக மெல்லியதாக, யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி முழிக்கிற?" ரெய்னோ பேச்சை நிறுத்தினார். மூச்சும் நின்றது.

"நிறுத்தாதீங்க," என்று கிசுகிசுத்தாள். "ரெய்னோ, பேசிட்டே இருங்க."

"என்னத்தப் பேச?"

"எதையாவது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையை மெதுவாகக் கீழே வைத்தார். நீராவிக் குளியலுக்கான சௌனாக் கொட்டகையின் புகைபோக்கி அடைத்துக்கொண்டதைச் சொன்னார். பனி அள்ளும் வண்டிக்காரன் தன் தபால் பெட்டியை இடித்துத் தள்ளியதைச் சொன்னார். ஐலா கண்ணை மூடி, முகத்தைச் சாய்த்து, அவர் வார்த்தைகளுக்குக் கீழே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா. கண்டுபிடிச்சிட்டியா?"

"ம்," என்றாள் ஐலா. அவள் உதட்டில் சிரிப்பு வந்தது.

ரெய்னோவின் பேச்சு தடுமாறியது. அவர் கை தொண்டைக்குப் போனது.

"ஐலா," என்றார் கரகரத்து. "எனக்கும் கேக்குது. உள்ளருந்து வருது."

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். உதட்டோரத்தில் ஏரித்தண்ணீர் போல ஏதோ கசிந்தது.

தொண்டை மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.