பம்பரில் கட்டிய பின்னல்

ரசத்தில் கிடந்த முடி இரண்டு முழம் இருந்தது.

ரகுநாதன் அதன் நுனியைப் பிடித்து இழுத்தான். சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டு அது வந்துகொண்டே இருந்தது. சுருட்டித் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு, அதே விரல்களால் அப்பளத்தை நொறுக்கினான். நகக்கண்களில் கிரீஸ் கறுத்துக் கிடந்தது.

“சோத்துல முடி விழுந்தா உறவு நீளுமாம், கஸ்தூரி.”

கஸ்தூரி தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைக்கூட எட்டாத முடி. இரண்டு முறை கலைந்த வயிறு அடுத்த முறையாவது தங்க வேண்டும் என்று எல்லையம்மனுக்கு நேர்ந்துகொண்டு, பத்து மாதத்துக்கு முன்னால் மொட்டை போட்டிருந்தாள். முழங்காலைத் தொட்ட பின்னல் போயிற்று. அம்மன் கொடுத்துவிட்டாள். இது ஏழாம் மாதம்.

அவ்வளவு நீள முடி இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், செங்கல் அடுக்கின் மேல் நின்றது அந்த ஜீப். ராணுவம் கழித்துக்கட்டியதை ஏலத்தில் எடுத்து, ஒரு மாதத்துக்கு முன்னால் ஆவடியிலிருந்து கட்டி இழுத்துவந்திருந்தான். போன தடவை வலி கண்ட அன்று, பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சேற்றில் ஆட்டோ புதைந்துபோனது. ஒரு மணி நேரம். மடியை நனைப்பது மழைத்தண்ணீர் இல்லை என்று அவளுக்கு முன்பே அவன் பார்த்துவிட்டான். அன்று ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவன், இப்போது டாங்கி பேக்டரியில் காலை ஷிப்டு முடித்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்துவிடுகிறான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. எந்தச் சேறும் ஒன்றும் செய்யாது. அவனைக் கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாற்றத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. முதல் வாரம் துருவும் பழைய டீசலுமாக இருந்தது. பிறகு அதற்கடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. தலையணை உறையில் ஊறிய தேங்காயெண்ணெய், ஈரத்தோடு முடிந்த கூந்தல், இரண்டு நாள் வாடிய மல்லிகை, எல்லாவற்றுக்கும் அடியில், பிரசவ வார்டு வாளியில் மூடிவைத்த துணியின் வாடை. அது ஜன்னல் வழியே வந்து அரிசிப் பானையில் உட்கார்ந்துகொண்டது. இரவில் அவன் கை அவள் வயிற்றின் மேல் விழும்போது அதிலும் இருந்தது.

நேற்று கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தான். நட்டைக் கழற்றியும் எண்ணெய் இறங்கவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். கொழகொழவென்று ஏதோ நழுவி டின்னில் விழுந்தது, பிடி பிடியாக முடி. அதன்மேல் எண்ணெய் சளிபோல வழிந்தது.

“எலி கூடு கட்டியிருக்கு” என்று கையால் வழித்துப் போட்டான்.

மூடியிருந்த கியர்பாக்ஸுக்குள் எலி எப்படிப் போகும்? கஸ்தூரி கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

இன்று அவன் சாப்பிட்டு எழுந்ததும், பாத்திரம் தேய்க்க வந்த முனியம்மா ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தபடி நின்றாள்.

“இன்னாம்மா, லாரிக்காரனாட்டம் முன்னாடி சவுரி கட்டிகீறாரு உங்க ஊட்டுக்காரரு?”

“திருஷ்டிக்குக் கட்டுவாங்களே, அதான். கடையில வாங்கியிருப்பாரு.”

“கடை முடி பேன் வாசனையா அடிக்கும்? நான் அந்த எண்ணெ டின்னத் தொட மாட்டேன், சொல்ட்டேன்.” சாம்பலை அள்ளிக்கொண்டே தொடர்ந்தாள். “எங்க தெருவுல ஒருத்தி, புருசன் பொழைக்கணும்னு ஆத்தாளுக்குக் கோழி நேந்துவுட்டா. அவன் எழுந்து குந்திக்கினு, அந்தக் கோழியவே கொழம்பு வைக்கச் சொல்லித் துன்னான். எட்டாம் நாளு பூட்டான். நீ குடுத்தத நீ எடுத்துக்கினா, அவ குடுத்தத அவ எடுத்துக்குவா. கணக்கு சரியாப் பூடும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். “ருசி நல்லாத்தான் இருந்துச்சாம்.”

அவள் போனபிறகு கஸ்தூரி கொட்டகைக்குள் போனாள். மணி மூன்றரை இருக்கும். மழை மேகம் கட்டி, வெளிச்சம் பித்தளைப் பாத்திரத்தின் களிம்புபோல இருந்தது. முன்பக்க பம்பரில் பின்னல் தொங்கியது. தொங்கித் தரையைத் தொட்டு, அங்கிருந்து அச்சைச் சுற்றி மேலேறி, பானெட்டின் இடுக்குக்குள் நுழைந்திருந்தது. ஈரமாக இருந்தது. பம்பரில் கட்டியிருந்த முனையில் ஒரு சிவப்பு நாடா. நாடாவில் ஓர் ஊக்கு.

மொட்டையடித்த அன்று காலை அவளே குத்திய ஊக்கு.

“ஏங்க.”

ஜீப்பின் மறுபக்கம் எமரித்தாள் தேய்க்கும் சத்தம் நின்றது. ரகுநாதன் எழுந்து பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதும் வராது.

“கோயில்ல கூடையில குப்பை மாதிரி போட்டாங்க, கஸ்தூரி. உன் முடி. மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம எடுத்து, டூல்ஸ் பெட்டியில வச்சிருந்தேன். நம்ம புள்ள ஏறப்போற வண்டி, அதுக்குக் காவலா உன் முடியே இருக்கட்டுமேன்னு...”

“அது நம்மளது இல்லீங்க. கொடுத்தாச்சு.”

“முடிதானே.”

“இப்பவே கொண்டுபோய்க் கோயில்ல போட்டுட்டு வாங்க.”

அவன் ஊக்கைக் கழற்றினான். அவிழ்க்கப் பார்த்தான். பின்னல் வரவில்லை. பலமாக இழுத்தபோது கஸ்தூரியின் அடிவயிற்றில் சுருக்கென்றது.

“விடுங்க,” என்றாள். “இழுக்காதீங்க.”

தூரத்தில் பேக்டரி சங்கு ஊதியது. மணி நான்கு.

சங்கு ஊதினால் வயிற்றில் பிள்ளை உதைக்கும். இரண்டு மாதமாக ஒருநாள் தவறியதில்லை. ரகுநாதன் எங்கிருந்தாலும் ஓடிவந்து கையை வைத்துப் பார்ப்பான். கஸ்தூரி இரு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

சங்கு ஓய்ந்தது.

ஒன்றும் இல்லை.

வலப்பக்கம் அழுத்தினாள். இடப்பக்கம். மாவு வழித்தெடுத்த பாத்திரம்போலக் குளிர்ந்திருந்தது.

டொக்.

தகரச் சத்தம். பானெட்டிலிருந்து.

என்ஜினைக் கழற்றி, சிலிண்டர் போரிங்குக்குப் பூந்தமல்லிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தான். பானெட்டுக்கடியில் வெறும் பள்ளம்.

டொக். டொக்.

சின்னக் குதிகால் உதைப்பதுபோல.

பானெட்டின் இடுக்கில் ஆவி கசிந்தது. முடிகள் மெல்ல உள்ளே இழுபட்டன, தளர்ந்தன. மறுபடி இழுபட்டன. மூச்சு. அந்த வாடை.

ரகுநாதன் பின்னலை விட்டுவிட்டுப் பாய்ந்தான். அவளிடம் இல்லை. கிரீஸ் படிந்த உள்ளங்கையைப் பானெட்டின் மேல் விரித்து வைத்தான். கண்ணை மூடினான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. தினமும் நான்கு மணிக்கு வரும் அதே சிரிப்பு.

“உதைக்குது, கஸ்தூரி. வந்து கையை வச்சுப் பாரேன்.”

அவள் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கின் அடியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு. மல்லிகை நாற்றம். விரலை விட்டுப் பிடித்தாள்.

முடி.

இழுத்தாள். தொண்டைக்குள்ளிருந்து வந்தது. வழுவழுவென்று, வெதுவெதுப்பாக, முடிவே இல்லாமல்.

பானெட்டுக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

இன்னும் இழுத்தாள்.

உள்ளே அது சிணுங்கியது.